ஒரு மருந்து போதாதா? மூச்சுக்குழல் தளர்வு பற்றி விலங்கு ஆய்வுகள் சொல்வது

பினாங்கில் புகைமூட்டம் இறங்கும் நாட்களில் கிளினிக்குகளின் நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கி முகமூடி வழியே தரும் கருவி) மூலையில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். பிள்ளையை மடியில் வைத்து, முகமூடியைப் பிடித்தபடி அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இழுப்பு கடுமையாக இருந்தால் கிண்ணத்தில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமாலோடு இப்ராட்ரோபியம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து ஊற்றுவார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "மிஸி, ரெண்டு மருந்தை ஒன்னா ஊத்துறீங்களே, புள்ளைக்கு ஒத்துக்குமா? ஒன்னு போதாதா?"

நியாயமான கேள்வி. கூட்டம் நெரியும் நேரத்தில் மிஸி என்று நாம் அழைக்கும் நர்ஸால் "ஒத்துக்கும்மா, பயப்படாதீங்க" என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பதிலுக்குப் பின்னால் கினிப்பன்றி, எலி, நாய், குதிரை ஆகியவற்றின் மூச்சுக்குழல்களில் பல பத்தாண்டுகள் நடந்த வேலை இருக்கிறது. அந்த வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று புரியும். இரண்டு மருந்து சேர்ந்தால் எவ்வளவு கூடுதல் தளர்வு கிடைக்கும் என்பதற்கு நிலையான கணக்கு எதுவும் இல்லை. எந்த உயிரின் மூச்சுக்குழல், அதைச் சுருக்கியது எது, எவ்வளவு இறுக்கமாகச் சுருக்கியது: இந்த மூன்றும் மாறினால் விடையும் மாறும். 'கூட்டு மருந்து இரட்டிப்புப் பலன்' என்று ஒரு வரியில் செய்தி போடுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றைத்தான்.

முதலில் இந்த இரண்டு மருந்துகளும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். நம் ஆட்களுக்கு அதில் தொடர்பு உண்டு. இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். மதராஸில் கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைக் கவனித்தார். ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி வழியாக 1802இல் அது எடின்பரோவுக்குப் போனது. ஊமத்தையிலும் அதன் உறவுச் செடிகளிலும் உள்ள அட்ரோபின்தான் மூச்சுக்குழலை விரித்தது. ஆனால் அட்ரோபின் ரத்தத்தில் கலந்து மூளை வரை போகும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், குழப்பத்தையும் உண்டாக்கும். ஊமத்தை நஞ்சு என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் முயன்று பார்க்கக்கூடாது. அந்த மூலக்கூறை மாற்றி, மின்னேற்றம் கொண்டதாக்கி, நுரையீரலிலிருந்து எளிதில் வெளியே போகாதபடி செய்ததுதான் இப்ராட்ரோபியம்.

சால்பியூட்டமாலின் கதை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மா ஹுவாங் என்ற செடியைச் சீன வைத்தியர்கள் மூச்சுத்திணறலுக்குப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகை நாகயோஷி அதிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தார். 1901இல், நம் உடலே சுரக்கும் அட்ரினலின் தூய வடிவில் வந்தது. 1948இல் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இருவகை ஏற்பிகள் (செல்லில் அது வந்து பற்றிக்கொள்ளும் இடங்கள்) உண்டு என்றார். பிறகு பீட்டாவையே இரண்டாகப் பிரித்தார்கள்: இதயத்தில் அதிகமிருப்பது பீட்டா-1, மூச்சுக்குழலில் அதிகமிருப்பது பீட்டா-2. இரண்டாவதை மட்டும் குறிவைத்து 1969இல் வந்ததுதான் வெண்டோலின் என்று நாம் சொல்லும் சால்பியூட்டமால். தமிழர்களும் சீனர்களும் சேர்ந்து வாழும் இந்தத் தீவில், அவரவர் முன்னோர் கையாண்ட இரண்டு செடிகளின் கதைகளோடு தொடர்புள்ள மருந்துகள் ஒரே நெபுலைசர் கிண்ணத்தில் சேருகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? மூச்சுக்குழலைச் சுற்றி மென்தசை இருக்கிறது. மூளையிலிருந்து நுரையீரலுக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் முனைகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடும். அது தசையின் மேலுள்ள எம்-3 ஏற்பியில் உட்கார்ந்ததும், செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் வெளியே கொட்டும், தசை சுருங்கும். இப்ராட்ரோபியம் அந்த ஏற்பியில் தான் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதுவாகத் தசையைத் தளர்த்துவதில்லை, சுருங்கச் சொல்லும் கட்டளையைத் தடுக்கிறது, அவ்வளவுதான். சால்பியூட்டமால் அப்படியில்லை. பீட்டா-2 ஏற்பியைத் தட்டி, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளைக் கூட்டுகிறது. அது கால்சியத்தைக் குறைக்கிறது, பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறக்கிறது, சுருக்கத்தை நடத்தும் என்சைமை மந்தப்படுத்துகிறது. தசை எதனால் சுருங்கியிருந்தாலும் தளர்த்தப் பார்க்கும். ஒன்று தடுக்கிறது, மற்றது தளர்த்துகிறது. இரண்டும் வேறு வேறு வாசல் என்பதால்தான் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே ஏற்பிக்கு இரண்டு மருந்து கொடுத்தால் பக்கவிளைவுதான் கூடும்.

இதை அளப்பது எப்படி? இங்கே மிண்டெனில் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருந்தியல் பள்ளி தொடங்கியது 1972இல். அங்கு படித்தவர்களுக்கு மட்டுமல்ல, உலகில் எங்கு மருந்தியல் படித்தவர்களுக்கும் 'ஆர்கன் பாத்' என்ற கண்ணாடிக் குடுவை பழக்கமாக இருக்கும். கினிப்பன்றியின் மூச்சுக்குழலை வளையங்களாக வெட்டி, இரு கொக்கிகளுக்கு நடுவே மாட்டுவார்கள். ஒரு கொக்கி அசையாது, மற்றது விசையை அளக்கும் கருவியோடு சேர்ந்திருக்கும். குடுவையில் 37 டிகிரியில் கிரெப்ஸ் கரைசல் என்ற உப்புநீர், அதில் 95 விழுக்காடு ஆக்ஸிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்ஸைடும் குமிழியிடும். தசை அமைதியடைய விட்டு, பிறகு அசிட்டைல்கோலினைப் போல வேலை செய்யும் கார்பக்கால் அல்லது ஒவ்வாமையில் உடல் விடும் ஹிஸ்டமின் ஊற்றிச் சுருக்குவார்கள். அப்புறம் மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, கருவி வரையும் விசைக் கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள்.

இதில் சின்ன விஷயம் ஒன்று முடிவையே மாற்றிவிடும். கினிப்பன்றியின் மூச்சுக்குழல் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் இறுகியே இருக்கும், அதன் திசுவே சுரக்கும் பொருட்களால். அதை அடக்க இண்டோமெத்தசின் சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. இரு ஆய்வுகளின் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறாகிவிடும்.

ஏன் கினிப்பன்றி? 1910இல் டேலும் லெயிட்லாவும் ஹிஸ்டமினை ஆராய்ந்தபோது, கினிப்பன்றி மூச்சுக்குழல் இறுகியே இறந்துபோவதைக் கண்டார்கள். அவ்வளவு கூர்மையான மூச்சுக்குழல் அது. ஹிஸ்டமினுக்கும், ஒவ்வாமையில் சுரக்கும் இன்னொரு பொருளான லூக்கோட்ரையீனுக்கும் மனித மூச்சுக்குழலைப் போலவே இறுகும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வளையத்தை ஹிஸ்டமினால் சுருக்கினால், பீட்டா-2 மருந்து அதை எளிதாகத் தளர்த்திவிடும். கார்பக்காலைக் கொஞ்சமாக ஊற்றினாலும் தளர்த்தும். ஆனால் கார்பக்காலை அதிகமாக ஊற்றி நன்றாக இறுக்கிவிட்டால் அதே மருந்தை எவ்வளவு கூட்டினாலும் பாதிவழியில் நின்றுவிடும். கினிப்பன்றியிலும் மாட்டின் மூச்சுக்குழலிலும் நாயிலும் இது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. காரணம் வெறும் இழுபறி மட்டும் இல்லை. மென்தசையில் எம்-3க்குப் பக்கத்தில் எம்-2 என்ற இன்னொரு ஏற்பியும் நிறைய இருக்கிறது. அசிட்டைல்கோலினோ கார்பக்காலோ அதில் உட்கார்ந்ததும், சைக்ளிக் ஏ.எம்.பி. உண்டாக்கும் என்சைமையே அது அடக்கும். அந்த என்சைமை நம்பித்தானே சால்பியூட்டமால் வேலை செய்கிறது? கைப்பிரேக்கை எடுக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்த கதைதான். எஞ்சின் முக்கும், கார் நகராது.

இப்ராட்ரோபியம் எம்-2, எம்-3 இரண்டையும் அடைக்கும். அது சேர்ந்ததும் இறுக்கமும் குறைகிறது, சால்பியூட்டமாலுக்கு வழியும் கிடைக்கிறது. இறுக்கம் எவ்வளவுக்கு வேகஸ் நரம்பால் வந்ததோ, கூட்டு மருந்தின் கூடுதல் பலனும் அவ்வளவுக்குத் தெரியும். ஹிஸ்டமினால் வந்த இறுக்கத்தில் இப்ராட்ரோபியத்துக்குப் பெரிய வேலை இருக்காது.

'கூடுதல்' என்று எப்போது சொல்லலாம் என்பதையும் பார்த்துவிடுவோம், பலர் தவறுவது இங்கேதான். ஒரு மருந்து தனியாக 40 விழுக்காடு தளர்த்துகிறது, இன்னொன்று தனியாக 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சேர்த்தால் 90 வரவேண்டும் என்று தோன்றும். வராது. முதல் மருந்து 40ஐத் தளர்த்தியபின் மிச்சமிருப்பது 60. இரண்டாவது அதில் பாதியைத் தளர்த்தும், அதாவது 30. மொத்தம் 70. செஸ்டர் பிளிஸ் 1939இல் எழுதிய கணக்கு இது. சேர்க்கை 70ஐத் தொட்டால், இரண்டும் தத்தம் வேலையைத் தனித்தனியாகச் செய்தன என்றுதான் பொருள். 70ஐத் தாண்டினால்தான் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன என்று சொல்லலாம். இன்னொன்று, ஒரு மருந்தே 95 விழுக்காடு தளர்த்தும் அளவில் கொடுத்திருந்தால், அடுத்த மருந்து தன் திறமையைக் காட்ட இடமே இருக்காது. அதனால்தான் கூட்டுவிளைவு பெரும்பாலும் குறைந்த அளவுகளில் தெரிகிறது, உச்ச அளவில் மறைந்துவிடுகிறது. நோயாளிக்கு அதுவே நல்லது. இரண்டையும் குறைவாகக் கொடுத்து அதே தளர்வைப் பெற முடிந்தால் கை நடுக்கமும் படபடப்பும் குறையும்.

குடுவையில் தொங்கும் வளையம் சொல்லாத சேதியும் உண்டு. அது பெரிய குழாயின் துண்டு. வேகஸ் நரம்பின் பிடி பெரிய குழாய்களில்தான் அதிகம், உள்ளே நுண்குழாய்களை நோக்கிப் போகப் போகக் குறையும். பீட்டா-2 ஏற்பிகளோ உள்ளே போகப் போகக் கூடும். உயிருள்ள நுரையீரலில் இரண்டு மருந்துகளும் ஒரே இடத்தில் மட்டும் கைகோப்பதில்லை, வேறு வேறு நீளங்களையும் பார்த்துக்கொள்கின்றன. மெல்லிய நுரையீரல் சீவல்களை உயிரோடு வைத்து நுண்குழாய்களை நேராகப் பார்க்கும் முறை பின்னால் வந்ததும் இந்தப் படம் தெளிவானது.

ஆரோக்கியமான விலங்கின் மூச்சுக்குழலும் நோயுற்றதும் ஒன்றல்ல. எம்-2 ஏற்பிகள் தசையில் மட்டுமல்ல, நரம்பு முனையிலும் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை நல்ல வேலை: அசிட்டைல்கோலின் போதுமான அளவு வந்ததும், 'இனி விடாதே' என்று நரம்பைத் தடுப்பது. அலிசன் ஃபிரையர், டேவிட் ஜேக்கபி இருவரும் 1990களில் கினிப்பன்றிகளில் காட்டியது இது: ஒவ்வாமை வந்த நுரையீரலில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் நரம்பைச் சூழ்ந்து ஒரு புரதத்தைக் கக்குகின்றன. அது அந்த எம்-2 தடுப்பைச் செயலிழக்கச் செய்கிறது. வைரஸ் தொற்றும் ஓசோனும் அதே தடுப்பைக் கெடுக்கும். பிறகு நரம்பு கட்டுப்பாடில்லாமல் அசிட்டைல்கோலினைக் கொட்டும். சளிக்காய்ச்சலுக்குப் பின்னால் வரும் இழுப்பு ஏன் பம்புக்கு (இன்ஹேலருக்கு) அடங்காமல் நிற்கிறது, அவசரப் பிரிவில் ஏன் இப்ராட்ரோபியத்தைச் சேர்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் இதோடு ஒத்துப்போகின்றன. மிதமான, கடுமையான தாக்குதலில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது வார்டில் படுக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. லேசான இழுப்பில் அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை. குடுவையிலும் அப்படித்தானே பார்த்தோம்?

பம்பை மட்டுமே நம்பி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். 2003இல் ஸ்டீபன் லிகெட்டின் குழு, மூச்சுக்குழல் தசையில் பீட்டா-2 ஏற்பிகளை அதிகமாக்கிய சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவை எளிதில் தளரும் என்று எதிர்பார்த்திருப்போம். ஆனால் சுருக்கும் பொருள் கொடுத்தபோது அவை சாதாரண எலிகளைவிட அதிகமாக இறுகின. தளர்த்தும் பாதை இடைவிடாமல் இயங்கியதால், சுருக்கும் பாதையின் முக்கியமான என்சைம் ஒன்று ஈடுகட்டுவது போலப் பெருகியிருந்தது. 1995இல் வெளிவந்த லண்டன் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. எலிகளுக்குப் பீட்டா மருந்தைத் தொடர்ந்து செலுத்தியபோது நுரையீரலின் ஏற்பிகள் குறைந்தன. ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் குறைவு தடுக்கப்பட்டது. ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிப்பதோடு, பீட்டா-2 ஏற்பியைச் செய்யும் மரபணுவையும் தூண்டிவிடுகிறது. சால்பியூட்டமால் உள்ள நீல பம்பை மட்டும் வைத்துச் சமாளிப்பது பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் போதாது, ஸ்டீராய்டு கலந்த பம்ப் வேண்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா 2019இல் சொன்னது. அந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் மனிதர்களிடம் கிடைத்த சான்றுகள். ஆனால் அது ஏன் நியாயம் என்று எலிகள் முன்பே காட்டியிருந்தன.

குதிரைகளிலும் இதே பாடம். வைக்கோல் தூசியால் இழுப்பு வரும் குதிரைகள் உலகெங்கும் உண்டு. 1864இல் தொடங்கிய பினாங்குப் பந்தயக் கழகம் போன்ற இடங்களில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குதிரைக்குக் கிளென்புடெரால் என்ற பீட்டா-2 மருந்தைத் தனியாக மூன்று வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் கிடைத்த பலன் மறைந்துபோனது. அட்ரோபின் குதிரையின் மூச்சுக்குழலை அருமையாக விரிக்கும், ஆனால் குடலையும் நிறுத்திவிடும். வயிற்றுவலி வந்து குதிரை செத்துப்போகவும் கூடும். எனவே அங்கும் முகமூடி வழியாக உள்ளிழுக்கும் மருந்துகளுக்கே முதலிடம். சால்பியூட்டமால் சில நிமிடங்களில் வேலை செய்து விரைவில் தேய்ந்துவிடும், இப்ராட்ரோபியம் மெதுவாகத் தொடங்கி நீண்ட நேரம் நிற்கும். இரண்டையும் சேர்ப்பதில் நேரக் கணக்கும் இப்படி ஒரு லாபம்.

விலங்குக்கு விலங்கு வித்தியாசம் எவ்வளவு என்பதைச் சுண்டெலி நன்றாகக் காட்டும். அதன் மூச்சுக்குழல் தளர்வது பெரும்பாலும் பீட்டா-1 வழியாக. மனித மூச்சுக்குழலோ பீட்டா-2 வழியாக. 2010இல் லிகெட்டின் குழு, நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் மூச்சுக்குழல் தசையிலும் இருப்பதாகவும், கசப்புப் பொருட்கள் தசையைத் தளர்த்துவதாகவும், பீட்டா மருந்தின் விளைவோடு அது கூடுவதாகவும் காட்டியது. அருமையான கண்டுபிடிப்பு. அதற்காகப் பாகற்காய்ச் சாறு குடித்தால் இழுப்பு நிற்கும் என்று யாரும் எழுத அது இடம் கொடுக்காது. அங்கே கசப்புப் பொருள் நேராக மூச்சுக்குழலைத் தொட்டது, வயிற்றை அல்ல.

பூனை வளர்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனிதர்களைப் போலத் தானாகவே ஆஸ்துமா வரும் விலங்குகளில் பூனையும் ஒன்று, அதற்கும் பம்பும் ஸ்பேசரும் உண்டு. ஆனால் வழக்கமான சால்பியூட்டமாலை அடிக்கடி கொடுத்தபோது, அதிலுள்ள மூலக்கூறின் ஒரு கண்ணாடிப் பிம்ப வடிவம் பூனைகளின் மூச்சுக்குழலில் அழற்சியைக் கூட்டியதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அவசரத்துக்கு மட்டும் அது, தினசரி வேலைக்கு ஸ்டீராய்டு. பிள்ளையின் பம்பை எடுத்துப் பூனைக்கு அடிப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கவனம் வேண்டிய சேர்க்கைகளையும் சொல்லிவிடுகிறேன். தியோஃபிலின், நம் ஊரில் நியூலின் என்று வரும் இழுப்பு மாத்திரை, சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கிறது. பீட்டா மருந்து கூட்டுகிறது, இது கரையாமல் பார்த்துக்கொள்கிறது. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. குடுவையிலும் நன்றாகவே தளர்த்தும். ஆனால் சிறிய வகைப் பன்றிகள், எலிகள், நாய்கள் ஆகியவற்றுக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தபோது இதயத் துடிப்பு தாறுமாறாகி, இதயத் தசை செத்து, திடீர் மரணங்களும் நேர்ந்தன. மனிதர்களுக்கு வழக்கமான அளவில் அப்படியே நடக்கும் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் சால்பியூட்டமால் மருந்துக் குறிப்பேடுகளில் இந்த விலங்கு முடிவு இன்றும் அச்சிடப்படுகிறது. மூச்சுக்குழலில் சேர்ந்து நல்லது செய்யும் அதே வேதியியல் இதயத்தில் சேர்ந்து கெடுக்கலாம், வளையம் தொங்கும் குடுவையில் இதயம் இல்லை. தியோஃபிலினின் பாதுகாப்பு எல்லையும் குறுகலானது. எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். சிகரெட்டை நிறுத்தினாலும் ஏறும், ஏனென்றால் புகைப்பவர்களின் ஈரல் அதை வேகமாகக் கழிக்கும். அப்பா புகையை விட்டுவிட்டார் என்று சந்தோஷப்படும் வீட்டில், மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போவதும் அவசியம்.

கடைசியாக, யாரும் கூட்டு மருந்து என்று நினைக்காத ஒன்று. பிரோபிரானலால் என்ற மாத்திரையை ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தைராய்டுப் படபடப்புக்கும் கொடுப்பார்கள். அது பீட்டா ஏற்பிகளை அடைக்கும். குடுவையில் அதை ஊற்றிவிட்டுப் பிறகு பீட்டா மருந்தைக் கொடுத்தால், முன்பு தளர்த்திய அளவைவிடப் பல மடங்கு ஊற்ற வேண்டிவரும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அதே வகை. கண்ணில் விட்ட துளி மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தொடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். கண் மருத்துவரிடம் போகும் பெரியவர்கள் இழுப்பு இருப்பதைச் சொல்ல நினைப்பதில்லை, இழுப்புக்குப் போகும்போது கண் சொட்டைச் சொல்ல நினைப்பதில்லை. பாட்டி நெபுலைசர் பிடிக்கப் போகும்போது அந்தச் சின்னப் புட்டியையும் பையில் போட்டு அனுப்புங்கள்.